மருந்து வைத்த மரத்து இளநீர்

சாலையோரத்தில் விற்பதை நான் எளிதில் நம்பிக் குடிப்பதில்லை. கரும்புச் சாற்றில் மிதக்கும் ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று விற்பவருக்கே தெரியாது. இளநீரிலும் அதே கதைதான். பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் ஊற்றி வைத்து, அகப்பையால் அள்ளி, பையில் கட்டி ஸ்ட்ராவோடு தருவார்கள். மலேசியாவில், எங்கள் சுங்கைப் பட்டாணியில் ஒருநாள் அப்படி ஒரு பையை வாங்கி உறிஞ்சிப் பார்த்தேன். முதல் மடக்கு இனிப்பு, இரண்டாவதும் அதே இனிப்பு, அடிவரை மாறாத இனிப்பு. மரத்தில் காய்த்தது அப்படி இருக்காது. ஒரே குலையில் ஒரு காய் இனிக்கும், பக்கத்துக் காய் லேசாகத் துவர்க்கும், கடலோர மரமாக இருந்தால் நாக்கின் ஓரத்தில் உப்பு தட்டும். பையை விற்றவரிடம் சீனி எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் என்னைவிட்டு அடுத்த ஆளைப் பார்த்துச் சிரித்தார்.

அதனால் முழுக் காயை என் கண் முன்னால் சீவினால் மட்டுமே குடிப்பேன். மட்டை, நார், ஓடு என்று இத்தனை பூட்டுப் போட்டு மரம் கட்டிக் கொடுத்த தண்ணீர் அது. அதற்குள் எந்த மனிதனும் கையை விட முடியாது என்று நம்பியிருந்தேன். உலகத்தில் நான் முழுதாக நம்பிய பொருட்கள் குறைவு. இளநீர் அதில் ஒன்று.

அதன் அருமை எனக்கு எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில்தான் தெரிந்தது. படிவம் இரண்டோடு, பதினான்கு வயதில், பள்ளியை விட்டவன் நான். லோரியில் எடுபிடியாக ஏறினேன், கையுறை செய்யும் தொழிற்சாலையில் நின்றேன், பிறகு தோட்டத்தில் குலை வெட்டினேன். மத்தியானத்துக்குள் சட்டை நனைந்து காய்ந்து மறுபடி நனைந்து, முதுகில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். கெண்டைக்கால் கல் போல இறுகிக்கொள்ளும். அந்த நேரத்தில் டீ குடித்தால் தாகம் கூடும். வெறும் தண்ணீர் வயிற்றில் குலுங்கிக்கொண்டு கிடக்கும். ஒரு இளநீர் இறங்கினால்தான் கால் நம் கால் ஆகும். ஒரு இடத்திலும் தரிக்காமல் சுற்றிய நான், கடைசியில் பீடோங்குக்கு வெளியே, சுங்கைப் பட்டாணிக்குப் போகும் சாலையோரத்தில் ஓர் இளநீர்க் கடையில் காய் வெட்டிக் கொண்டுவரும் வேலைக்குச் சேர்ந்தது அதனாலும் இருக்கலாம்.

கடை ஓர் அக்காவினுடையது. ஐம்பதைத் தாண்டியவர். பாராங் கத்தியை அவர் பிடிக்கிற விதத்தைப் பார்த்தால் எவரும் வம்புக்கு வரமாட்டார்கள். நான் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எந்த ஊர், எந்தத் தோட்டம், ஏன் அங்கிருந்து வந்தாய் என்று வாரம் ஒருமுறை கேட்பார். ஒவ்வொரு முறையும் நான் ஒரே பதிலைச் சொல்கிறேனா என்று பார்ப்பதற்காகக் கேட்கிறார் என்பது எனக்குத் தெரியும். அதில் எனக்கு வருத்தமில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

நோன்பு மாதம் பிறந்ததும் கடைக்கு நல்ல காலம். சாயங்காலம் நோன்பு திறப்பதற்கு மக்கள் இளநீர் தேடி வருவார்கள். மத்தியானத்துக்குப் பிறகு கூட்டம் தொடங்கும். எல்லாக் கடைக்காரர்களும் காய்க்கு அலைகிற அந்த நேரத்தில், சுங்கை லாலாங் பக்கத்திலிருந்து ஒரு தோப்புக் காவல்காரர் அக்காவுக்குப் போன் செய்தார். தோப்பு நிறைய பண்டான் தென்னை, குட்டை மரங்கள், வேண்டுமளவு வெட்டிக்கொள்ளலாம், அவர் கையில் ஏதாவது கொடுத்தால் போதும் என்றார்.

பண்டான் தென்னை என்றால் இளநீரே, சோற்றில் வாசத்துக்குப் போடும் பண்டான் இலை போல மணக்கும். சந்தையில் எல்லோரும் அடித்துக்கொள்ளும் காய். அதை ஒருவர் வலிய வந்து தருகிறார் என்றதும் எனக்கு மனதில் முள் குத்தியது.

"ஏன்க்கா, இவ்வளவு நல்ல காயை எதுக்கு நம்மகிட்ட தள்றாரு?" என்றேன்.

"உனக்குக் கொடுத்தாலும் சந்தேகம், கொடுக்காட்டியும் சந்தேகம். போய் வெட்டிட்டு வா லா" என்றார் அக்கா.

காலையில் சின்ன லோரியை எடுத்துக்கொண்டு போனேன். காவல்காரர் வயதானவர், வெற்றிலையை மென்றுகொண்டே பேசுகிறவர். கையில் கொடுத்ததை எண்ணாமல் மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டார். நான் நீளக் கம்பில் அரிவாளைக் கட்டிக்கொண்டிருந்தபோது, போகிற போக்கில் ஒன்று சொன்னார்.

"கிழக்கால இருக்கிற வரிசைக்கு மருந்து வெச்சிருக்காங்க தம்பி. பாத்துக்க."

இந்த இடத்தில்தான் எல்லாம் வழுக்கியது. தோட்டத்துக்காரர்களுக்கு மருந்து என்ற சொல்லுக்கு ஒரே ஒரு பொருள் இல்லை. டாக்டர் கொடுப்பதும் மருந்து, களைக்குத் தெளிப்பதும் மருந்து, ஒருவரை மயக்கவோ கெடுக்கவோ மந்திரித்துச் செய்வதும் மருந்து. எந்த மருந்து என்பதை அடுத்து வரும் வினைதான் சொல்லும். டாக்டர் மருந்தைக் 'குடிக்கிறோம்'. களை மருந்தை 'அடிக்கிறோம்'. 'வைப்பது' என்றால் ஒன்றுதான், செய்வினை. தோப்பில் திருட்டு அதிகமானால் சில சொந்தக்காரர்கள் சாமியாடியையோ மலாய் மந்திரவாதியான பொமோவையோ கூட்டிவந்து மரத்தடியில் எதையாவது புதைப்பதும், திருடித் தின்றவன் வயிறு வீங்கும் என்று ஊரெல்லாம் சொல்லி வைப்பதும் நான் நிறையப் பார்த்தது.

"மாமா, நாங்க சொல்லிட்டுத்தானே வெட்டுறோம். திருடலையே. எங்கள ஒண்ணும் பண்ணாதுல்ல?" என்றேன்.

அவர் வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு, "அதெல்லாம் எனக்கு என்னா தெரியும்? சொல்லச் சொன்னாங்க, சொல்லிட்டேன்" என்றார்.

"சரி, கும்பிட்டுட்டே தொடுறேன்."

"செய்யி, செய்யி" என்று சொல்லிவிட்டுத் தம் குடிசைக்குப் போய்விட்டார்.

கிழக்கு வரிசையில் முதல் மரத்தின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன். முழங்கால் உயரத்தில் அடிமரத்தில் கட்டைவிரல் பருமனில் ஒரு துளை, களிமண்ணால் அடைக்கப்பட்டிருந்தது. மந்திரித்த தகடு அதற்குள்தான் இருக்கிறது என்று நினைத்து அதைத் தொடாமல் விலகி நின்று வெட்டினேன். கிழக்கு, மேற்கு இரண்டு வரிசையிலும் வெட்டி, எல்லாக் காயையும் ஒன்றாகவே லோரியில் குவித்தேன். வெயில் ஏறியிருந்தது. குவியலில் கைக்குக் கிடைத்த ஒரு காயைச் சீவிக் குடித்தேன். பண்டான் மணம் மூக்குக்குள் ஏறியது. வழுக்கையை மட்டைத் துண்டால் சுரண்டித் தின்றேன். அத்தனை நல்ல இளநீரைக் குடித்து ரொம்ப நாளாகியிருந்தது.

கடையில் காயை இறக்கிப் போட்டதும், இருந்த கத்திகளில் ஒன்றின் பிடி ஆடுகிறது, மாற்றிக்கொண்டு வா என்று அக்கா என்னைப் பீடோங் டவுனுக்கு அனுப்பினார். இரும்புச் சாமான் கடை வாசலில், முன்பு என்னோடு ஒரே தோட்டத்தில் வேலை பார்த்தவன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்தான். கூடையில் துளை போடும் மெஷின்.

"என்னடா மச்சான், தச்சனாயிட்டியா?"

"தச்சன் வேலை எங்கடா நமக்கு. மரத்துக்கு மருந்து வைக்கிறேன்."

"வைக்கிறியா? எந்தச் சாமியார்கிட்ட கத்துக்கிட்ட?"

"போடா. செம்பனை மட்டையெல்லாம் புழு தின்னுது. அந்த ஒசரத்துக்கு எவன் மருந்து அடிக்கிறது? அதான் அடியில ஓட்டையப் போட்டு உள்ள ஊத்தி, களிமண்ண வெச்சு அடைச்சிடறோம். மரமே உறிஞ்சி மேல கொண்டு போயிடும். புழு தின்னு செத்துடும்."

என் கையிலிருந்த கத்திப் பிடியைக் கீழே வைத்தேன்.

"தென்னைக்கும் வைப்பாங்களா?"

"வண்டு விழுந்தா வைப்பாங்க. வெச்சா மாசக் கணக்குல காயைத் தொடக் கூடாது. வேலை வாங்குற மண்டோர் தொண்டை கிழியக் கத்துவாரு. ஏன்டா மூஞ்சி இப்படிப் போவுது?"

வண்டியை எடுத்தேன். திரும்பும் வழியெல்லாம் என் வயிற்றை நானே உளவு பார்த்துக்கொண்டிருந்தேன். வியர்த்தது. அது வெயிலா, வேறா? வாயில் எச்சில் ஊறியது. அது பயமா, வேறா? எவனும் கை விட முடியாது என்று நான் நம்பிய பூட்டை, மரமே வேர்ப் பக்கத்திலிருந்து திறந்து விட்டிருக்கிறது. ஏமாற்றுகிறவன் முகமாவது நமக்குத் தெரியும். மரத்துக்கு முகம் ஏது?

கடையில் அக்கா காய்களை வரிசையாகச் சீவி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்தக் காயை விக்காதீங்க."

"ஏன், மொத்தத்தையும் நீயே வாங்கிக்கிறியா?"

"மரத்துல மருந்து வெச்சிருக்காங்கக்கா."

அவர் கத்தி நின்றது. சாலைக்கு எதிர்ப்பக்கம் புதிதாக வந்திருந்த இளநீர்க் கடையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எனக்கா? யாரு வெச்சது, அவனா? நேத்து அவன் கடையில நின்னு பேசிக்கிட்டிருந்தியே, பாத்தேன்."

"சிகரெட்டுக்கு நெருப்பு வாங்கப் போனேன்க்கா."

"நெருப்பு அங்க வாங்கி இங்க கொண்டாந்து வெக்கிறியா? கூட்டம் வர்ற நேரத்துல விக்காதேன்னு சொல்ல உனக்கு எவ்வளவு குடுத்தான்?"

செய்வினை இல்லை, பூச்சி மருந்து, விஷம் என்று நான் விளக்கியதெல்லாம் அவர் காதில் பாதிதான் ஏறியது. போனை எடுத்துக் காவல்காரரைக் கூப்பிட்டு, நானும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"நாந்தான் காலையிலேயே சொன்னேனே" என்றது காவல்காரரின் குரல். "மருந்து வெச்சிருக்குன்னு. அந்தத் தம்பி கும்பிட்டுட்டுல்ல வெட்டுச்சு."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத எனக்கு விருப்பமில்லை.

"எதுக்கு வெச்ச மருந்து? வண்டுக்கா?" என்று அக்கா கேட்டார்.

"பின்ன, பேய்க்கா? மொதலாளி ஆளுங்க வந்து ஓட்டை போட்டு ஊத்துனாங்க. கிழக்கு வரிசைக் காயை வெட்டிக் குழியில போட்டுடச் சொன்னாரு. மேற்கு வரிசை சுத்தம். தெரிஞ்ச ஆளுங்களாச்சே, பாத்து வெட்டுவீங்கன்னு நெனச்சேன். சாமி கும்பிட்டா அது எறங்கிடுமான்னு எனக்கு எப்படித் தெரியும் லா?"

வலிய வந்த பண்டான் காயின் காரணம் அப்போது தெரிந்தது. குழிக்குப் போகிற காயின் கணக்கில் அவர் காசு பார்த்திருக்கிறார். அக்கா போனை வைத்துவிட்டுக் குவியலைப் பார்த்தார். கிழக்குக் காயும் மேற்குக் காயும் அண்ணன் தம்பி போல ஒன்றாகக் கிடந்தன. எது எந்த வரிசை என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பழைய கேன்வாஸ் துணியை இழுத்து அதன்மேல் போட்டு மூடினார். மூடிய கையோடு அப்படியே நின்றுவிட்டார்.

"பாய் ஒரு குலை கொண்டுபோயிட்டாரே" என்றார்.

பாய் பீடோங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். அறுபது வயதிருக்கும். நோன்பு நாட்களில் பகல் முழுவதும் அடுப்படியில் நிற்பதால் அவருக்கு நீர்க்கடுப்பு வரும். அதனால் நோன்பு திறக்கும்போது அவருக்கு முதலில் இளநீர்தான். தம்மோடு நோன்பிருக்கும் கடை ஆட்களுக்கும் சேர்த்து வாங்கிப் போவார். வேறு மாதமாக இருந்திருந்தால் வாங்கிய இடத்திலேயே ஒன்றைக் குடித்திருப்பார். நோன்பு மாதம் என்பதால் பாங்கு சொல்லும்வரை அந்தக் காய்கள் தொடப்படாமல் இருக்கும். அவ்வளவுதான் எங்களுக்கு இருந்த அவகாசம்.

அக்கா போன் செய்து செய்து பார்த்தார். சாப்பாடு கட்டித் தரும் நேரத்தில் பாய் எங்கே போனை எடுப்பார்? கூட்டம் வந்தால் என்ன சொல்வது என்று கடையை விட்டு அக்காவாலும் வர முடியவில்லை. தம் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தார். கொடுக்காமல் கையில் உருட்டினார்.

"உன் துணிப் பை இங்கயே இருக்கட்டும்" என்றார்.

பையில் இரண்டு சட்டையும் ஒரு போர்வையும்தான் இருந்தன. அதற்காக நான் திரும்பி வருவேன் என்று அவர் நம்பியது எனக்கு ஆச்சரியம். சாவியை வாங்கிக்கொண்டு போனேன்.

பாய் கடையில் பொட்டலம் வாங்க நின்றவர்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். உள்ளே ஒரு நீள மேசை. அதன்மேல் பேரீச்சம்பழத் தட்டு, கஞ்சிக் கிண்ணங்கள், ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் ஒரு இளநீர். பாய் தலைத்தொப்பியைச் சரிசெய்தபடி உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது.

மருந்து என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்கக் கூடாது என்று வழியிலேயே முடிவு செய்திருந்தேன்.

"பாய், அந்த இளநியைக் குடிக்காதீங்க. விஷக் காய்."

மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"விஷமா?" பாய் ஒரு காயை எடுத்து முகர்ந்தார். "பண்டான் வாசம் கமகமங்குது. அக்கா இப்பத்தானே தன் கையால சீவித் தந்துச்சு."

மரத்தில் துளை போட்ட கதையைச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே அது நம்பும்படி இல்லை. புரோட்டா போடுகிறவர் சிரித்தார்.

"பாய், வேற எவனோ கூடுதல் விலை சொல்லியிருக்கான். அதான் காயைத் திருப்பி வாங்க ஆள் வந்திருக்கு."

"அப்படியாடா?" என்றார் பாய் என்னைப் பார்த்து.

"இல்ல பாய். அக்காவுக்குப் போன் போட்டுக் கேளுங்க."

"அக்கா சொல்லித்தானே நீ வந்திருக்கே. சொன்ன ஆள்கிட்டயே கேட்டா வேற என்னா சொல்லும்? சரி, நீ குடிச்சியா?"

"காலையில ஒண்ணு குடிச்சேன்."

"குடிச்சிட்டுத்தான் இப்படி மோட்டார் ஓட்டிட்டு வந்தியா?"

சுத்தமான வரிசைக் காயாக இருந்திருக்கலாம் என்றேன். அது இன்னும் மோசமாகக் கேட்டது.

பாங்கு சொன்னது. பாய் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, ஒரு நிமிடம் இளநீரைப் பார்த்துவிட்டு, வெறும் தண்ணீரை எடுத்துக் குடித்தார். மற்றவர்களையும் தொட வேண்டாம் என்று கையசைத்தார். எனக்கும் ஒரு கிண்ணம் கஞ்சி வைக்கச் சொன்னார்.

"இங்கயே உக்காரு. உனக்கு ஏதாச்சும் ஆனா கொண்டுபோய்ச் சேக்க ஆள் வேணும்ல."

அக்கறையாகச் சொன்னாரா, சோதனைக்கு என்னை வைத்துக்கொண்டாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. கஞ்சியைக் குடித்தேன். அவர்கள் முறை வைத்துத் தொழுதுவிட்டு வந்தார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலில் என் முகத்தைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்த பாய், பிறகு வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினார். நேரம் ஆக ஆக, நான் நன்றாக இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

"வயிறு எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு பாய்."

"தலை சுத்துதா?"

"இல்ல."

புரோட்டாக்காரர், "எமன் பசியாறப் போயிருக்கான் போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பாய் எழுந்து ஒரு காயைத் தம் பக்கம் இழுத்தார். "காலையில குடிச்சவன் கஞ்சி குடிச்சிட்டுக் குந்தியிருக்கான். எனக்குப் பகலெல்லாம் எரிஞ்சிக்கிட்டு கிடக்கு" என்று சொல்லிக்கொண்டே கத்தியைக் கேட்டார்.

வாயால் சொல்லி ஆகாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். நாற்காலி விழுந்தது. கடையின் பக்கத்துச் சாக்கடைக்கு ஓடி, அவர்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, தொண்டைக்குள் இரண்டு விரலை விட்டேன். குடித்த கஞ்சி முழுவதும் வந்தது. மறுபடி விட்டேன். கண்ணில் நீர் வழிய, கால்களை வேண்டுமென்றே உதறிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

பின்னால் சிரிப்பு நின்றது.

"யா அல்லா. டேய், எல்லாத்தையும் எடுத்துக் கொட்டுங்கடா! கையைக் கழுவுங்க! எவனும் வாயில வெக்காதீங்க!" பாய் கத்தினார். ஓடி வந்து என் முதுகைத் தடவினார். கடை ஆட்கள் காய்களைத் தூக்கி வந்து, ஒவ்வொன்றாக என் பக்கத்தில் சாக்கடையில் கவிழ்த்தார்கள். நல்ல மணம் வந்தது.

"கிளினிக் தொறந்திருக்கும். வண்டியை எடுங்க" என்றார் பாய்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தக் கை என் முதுகிலிருந்து விலகியிருக்கும். அதோடு, விரலை எடுத்து வெகு நேரமாகியும் என் கால்களின் உதறல் நிற்கவில்லை. அது நான் உதறியதா, தானாக உதறியதா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. இரண்டு பேர் தோளைப் பிடித்துத் தூக்க, வண்டியில் ஏறிக்கொண்டேன்.